எட்டும் ஒன்பதும்

செக்காலை ரோட்டுக் கடையில்
ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி கேட்டேன்.
இடதுக்கு எட்டு, வலதுக்கு ஒன்பது.
கடைப்பையன் என் முகத்தைப் பார்த்தான்,
குனிந்து உமையாளின் கால்களைப் பார்த்தான்,
ஒன்றும் பேசாமல்
ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றதில் மாற்றி வைத்தான்.
அந்த நாசூக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

பிறந்தபோது நாலு கிலோ எழுநூறு.
பிள்ளையா பூசணிக்காயா என்று
நர்ஸம்மா தூக்கிக் காட்டினார்.
கண்ணு பட்டுடும் கண்ணு பட்டுடும் என்று சொல்லியே
கண் வைத்துவிட்டுப் போனார்கள் பார்க்க வந்தவர்கள்.
வாய்க்குள் அடங்காத நாக்கு.
அன்று இரவே சர்க்கரை இறங்கிக்
கண்ணாடிப் பெட்டிக்குள் போனாள்.
காது மடலில் ஒரு சின்னக் கோடு.
சந்தையில் சுரைக்காயை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு
வாங்காமல் வைத்துவிட்டுப் போவார்களே,
அப்படி.

மதுரை டாக்டர்
மருந்துச் சீட்டின் பின்புறம் ஏணி மாதிரி ஒன்று வரைந்தார்.
பதினோராவது குரோமோசோம்.
அதில் ஓரிடத்தில்
அப்பாவிடமிருந்து வந்தது விழித்திருக்கும்,
அம்மாவிடமிருந்து வந்தது தூங்கும்.
அதுதான் வழக்கம்.
இவளுக்கு இரண்டும் விழித்திருக்கின்றன,
அதனால்தான் இந்த வளர்த்தி.
யார் தப்பும் இல்லைம்மா, என்றார்.
தூங்கவைக்கத் தெரியாதவள் என்று
என் காதில் விழுந்தது.

சிறுநீரகத்தில் கட்டி வரலாம்.
நாலு பேரில் மூன்று பேருக்கு ஒன்றும் வராது.

நாலு பேர்.
என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறோமே, அந்த நாலு பேர்.
கடைசியில் தூக்குவதற்கு வேண்டும் என்கிறோமே, அந்த நாலு பேர்.
அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் எண்ணுகிறேன்,
ஜன்னலோரம் ஒருவர், அடுத்தவர், அதற்கு அடுத்தவர்.
நாலாவது ஆளை மட்டும் பார்ப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்,
எட்டு வயது முடியும்வரை.
காரைக்குடியில் ஐந்தே முக்கால் வண்டி.
மேலூர் நிறுத்தத்தில் வடை வாசனை வரும்,
வெறும் வயிறாக இருக்கவேண்டியவள் என்று
ஜன்னலைச் சாத்துவேன்.
குளிர்ந்த பசை வயிற்றில் பட்டதும் அவள் சிரிப்பாள்.
எல்லோரும் திரையைப் பார்க்கும்போது
நான் டாக்டரின் புருவத்தைப் படிப்பேன்.
இதுவரை இருபத்தாறு தடவை
“ஒன்றுமில்லை” என்றார்கள்.
அந்தச் சொல்லுக்கு ஆயுள் தொண்ணூறு நாள்.

ஒன்றுமில்லை என்பதைக் கேட்கவா
ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகிறாய்
என்பார் சாத்தப்பன்.
ராத்திரி அவள் தூங்கியபின்
போர்வையைச் சரிசெய்கிற சாக்கில்
அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து
அப்படியே கொஞ்ச நேரம் இருப்பார்.
நானும் தூங்குவதுபோல் இருப்பேன்.

குளித்துவிட்டு ஓடுவாள்,
பூக்கல் தரையில் ஈரத்தடங்கள்.
இடது காய்ந்த பிறகும்
வலது கொஞ்சம் மிச்சமிருக்கும்.

செருப்பிலும் மிச்சமிருக்கிறது ஒரு ஜோடி:
இடது ஒன்பது, வலது எட்டு.
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
தூக்கிப்போட மனசில்லாமல்
ஸ்கேன் பைலோடு பையிலேயே கிடக்கிறது.
ஆஸ்பத்திரி வரிசையில்
பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
எங்கேயாவது இருப்பாள்,
இடப்பக்கம் வளர்ந்த ஒருத்தி.
அவள் அம்மாவின் பையிலும் ஒரு ஜோடி இருக்கும்.
அந்தப் பெண்ணும் இப்போது
யார் காலையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தமுறை திருப்பத்தூர் தாண்டியதும்
உமையாள் பையைத் துழாவி அந்த ஜோடியை எடுத்தாள்.
இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு
முன்சீட்டின் முதுகில் நடக்க ஆரம்பித்தாள்.
ஏறினாள், இறங்கினாள்,
கம்பியைத் தாண்டிக் குதித்தாள்.
சீட்டில் இருந்தவர் திரும்பி முறைத்தார்.

நடக்கட்டும், விடுங்கள் என்றேன்.